ராங்கி நமக்கு என்ன முறை?

ராங்கியம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. அப்படியிருந்தும் அவள் வேலை பார்த்த மிருகக்காட்சிசாலையில், டிக்கெட் கிழிப்பவர் முதல் மேலதிகாரி வரைக்கும், அவளை ராங்கியின் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ராங்கி ஓர் ஒராங்குட்டான். செம்பட்டை முடியும் தரையைத் தொடும் கைகளும் கொண்ட வாலில்லாக் குரங்கு. எங்கிருந்தோ எங்கேயோ கடத்திக்கொண்டு போன ஒரு மரப்பெட்டிக்குள் குட்டியாகப் பிடிபட்டவள். தாய் என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. தாய் உயிரோடிருக்கும்வரை அந்தக் குட்டியை அவள் உடம்பிலிருந்து பிய்த்தெடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்போது ராங்கியம்மா மிருகங்களுக்குத் தீனி நறுக்கும் கூடத்தில் இருந்தாள். கையில் கத்தி, எதிரே மலைபோல் கேரட். அந்த நேரம் பார்த்துக் குட்டியைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "ரெண்டு நாள் பார்த்துக்கோ" என்றார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

குட்டி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டால் விடாது. குளிக்கப் போனாலும் தோளில், தீனி நறுக்கினாலும் தோளில். புட்டிப்பாலைக் கொஞ்சம் சூடு குறைவாகக் கொடுத்துவிட்டால் உதட்டைப் பிதுக்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "சரியான ராங்கிடீ நீ" என்று ஒருநாள் அவள் வைததுதான் பெயராக ஒட்டிக்கொண்டது. மனிதப் பிள்ளையை விட்டால் இவ்வளவு காலம் தாயைக் கட்டிக்கொண்டு கிடக்கும் பிள்ளை வேறு இல்லை என்று மிருக டாக்டர் சொன்னார். ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு வருஷம் அம்மாவை விட்டு நகராதாம். எந்தப் பழம் தின்னலாம், எந்தக் கிளை தாங்கும், படுக்கையை எப்படி முடைவது என்று ஒவ்வொன்றையும் அம்மாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளுமாம்.

ராங்கியும் அம்மாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். அம்மா தரை துடைத்தால் இவள் சாக்கை நனைத்துத் துடைப்பாள். அம்மா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தால் இவளுக்கும் ஒரு வாளி வேண்டும். அம்மா கொட்டாவி விட்டால் இவளும் விடுவாள். பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ராங்கியம்மாவும் சிரிப்பாள். பெருமையில் உச்சி குளிர்ந்துபோகும்.

வளர்ந்த பிறகு இருவருக்கும் நடுவில் கம்பிவலை வந்துவிட்டது. விளையாட்டாகக் கையை இழுத்தாலே தோள் கழன்றுவிடும் அளவுக்கு ராங்கிக்குப் பலம், ஆகவே காட்சிசாலையின் விதி அப்படி. ஆனாலும் தினமும் காலையில் "என்னடி ராங்கி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் இறங்கி வந்து வலைக்குள் விரல் நுழைத்து அவள் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுத்தான் தீனிக்குப் போவாள்.

ராங்கிக்கு முதல் பிள்ளை பிறந்தபோதுதான் அத்தனையும் தலைகீழாயிற்று. ராங்கி குட்டியை நக்கிச் சுத்தம் செய்தாள், வைக்கோலில் கிடத்தினாள், அது கத்தியதும் பரபரத்தாள். மூலையில் தண்ணீர் குடிக்கப் போட்டிருந்த பழைய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வந்து, அதன் வாயைக் குட்டியின் வாயில் வைத்தாள். வைத்துக்கொண்டே வலைக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். சரியாகச் செய்கிறேனா என்கிற பார்வை. குட்டி கத்தியது, அவள் பாட்டிலைத் திரும்பத் திரும்ப வைத்தாள். பால் தன் மாரிலேயே இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குத் தெரிந்த தாய் புட்டியில்தான் பால் கொடுத்தாள். குட்டியைப் பிரித்தெடுத்து நர்சரியில் வைத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. ராங்கியம்மா அன்று முதல் புட்டி பிடித்த தன் கையையே வெறுப்பாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து, ஒருநாள் காலையில் டாக்டர் அவளிடம், "ராங்கி சரியா சாப்பிடலையே, ஒருவேளை இருக்குமோ? வர்ற வழியில மெடிக்கல் ஷாப்புல அந்த டெஸ்ட் அட்டை ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்கம்மா, நம்மகிட்ட தீர்ந்துபோச்சு" என்று போனில் சொன்னார். ராங்கியம்மாவும் தெருமுனைக் கடையில் போய், கூட்டத்துக்கு நடுவில், கர்ப்பம் பார்க்கிற அட்டை ஒன்று கேட்டாள்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, "யாருக்கும்மா?" என்றார்.

"எம் பொண்ணுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இவள் பாட்டுக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். இவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். நாற்பதைத் தாண்டிய பெண்பிள்ளை, வெட்கத்தில், இல்லாத மகள்மேல் பழியைப் போடுகிறாள் என்று அவர் முடிவு கட்டியதில் தப்பு சொல்ல முடியாது. அதை வாயோடு வைத்துக்கொள்ளாமல் தெரு முழுக்கப் பரப்பியதில்தான் தப்பு.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தையல் மெஷின் ஓடவில்லை. அது ஓடாவிட்டால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அவள் தம்பியின் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வாயும் மெஷினும் ஒரே வேகத்தில் ஓடும். அன்றைக்கு இரண்டும் நின்றிருந்தன. முழுகாமல் இருந்ததால் முகம் வேறு வெளிறிக் கிடந்தது. அவள் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

"அண்ணி, உக்காருங்க. நான் கோவப்பட மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"யாரு?"

"அவருதான்."

"எவரு?"

"என்கிட்ட மறைக்காதீங்க அண்ணி. உங்க தம்பிகிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன். அட்டையில ரெண்டு கோடு வந்துச்சா, இல்லையா?"

ராங்கியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துச்சு! ரெண்டு கோடும் பளிச்சுனு வந்துச்சு. டாக்டர் கையைத் தட்டினாரு!"

தையற்காரி தலையில் கை வைத்துக்கொண்டு சீருடைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "சந்தோஷமா வேற சொல்றீங்க! அந்த ஆளு எங்க இருக்காரு? பொறுப்பு ஏத்துக்குவாரா?"

"பக்கத்துக் கூண்டுலதான் இருக்கான். கன்னம் ரெண்டும் முறம் மாதிரி விரிஞ்சிருக்கும், பார்த்திருக்கியே. அவனுக்கு என்ன பொறுப்பு? தின்னுட்டுத் தூங்குவான்."

"கூண்டா?"

புரிந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாளவில்லை. தையற்காரி கண்ணில் தண்ணீர் வர, விக்கல் எடுக்க, தண்ணீர் குடித்து அடங்கினாள். அடங்கியதும் சந்தேகம் வந்தது. அவளுக்கு எதையும் சும்மா விடுகிற வழக்கம் இல்லை.

"அது சரி, மனுஷிக்கு வெச்ச அட்டை குரங்குக்கு எப்படி வேலை செய்யும்?"

"செய்யுதே. கர்ப்பமானா உனக்கு உடம்புல என்ன ஊறுதோ, ஏறக்குறைய அதேதான் அவளுக்கும் ஊறுதாம். நாய்க்கோ மாட்டுக்கோ வெச்சுப் பார்த்தா ஒரு கோடுதான் நிக்கும்."

"அப்ப குரங்குலேருந்துதான் நாம வந்தோம்ங்கறது நெசமா? ராங்கி உங்களுக்குப் பொண்ணா, பாட்டியா?"

"எல்லாரும் இங்கதான் கோட்டை விடுறாங்க. பாட்டி இல்லை, பங்காளி. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, கோடி வருஷத்துக்கும் மேல இருக்கும்னு டாக்டர் சொல்றாரு, ஒரே குடும்பமா இருந்திருக்கோம். அந்தக் குடும்பத்துல இருந்தது மனுஷனும் இல்ல, ராங்கியும் இல்ல. அதோட வாரிசுங்க பிரிஞ்சு போச்சு. ஒரு கிளை அப்படியே மாறி மாறி ராங்கி ஆச்சு. இன்னொரு கிளையிலேருந்து கொரில்லா தனியாப் போச்சு. அதுக்கும் பின்னாலதான் சிம்பன்சியும் நாமும் பாகம் பிரிச்சுக்கிட்டோம்."

"அப்ப சிம்பன்சிதான் கிட்டத்துச் சொந்தம். சித்தப்பா பிள்ளை மாதிரி. ராங்கி கொஞ்சம் எட்டின பங்காளி."

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"பங்காளின்னா சொத்துக்குக் கோர்ட்டுக்குப் போவாங்களே?"

"காட்டையெல்லாம் நாமதான் சுருட்டிக்கிட்டோமே. கேக்கத் தெரியாததால அதுங்க சும்மா இருக்கு" என்றாள் ராங்கியம்மா. சிரிப்பு அத்தோடு நின்றது. தையற்காரி தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். ராங்கிக்கும் தனக்கும் ஒரே வருஷத்தில் பிரசவம் என்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

இதைக் கேட்டுவிட்டு நாத்தனாரும் தம்பி மனைவியும் நகமும் சதையுமாக ஆகிவிட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தையற்காரிக்குப் பெண்குழந்தை பிறந்தது. பிறந்த நாள் முதல் அண்ணியை அண்டவிடவில்லை. "குளிச்சீங்களா? சோப்புப் போட்டா? தலைக்குமா?" என்று கேட்பாள். மூன்றுக்கும் ஆமாம் என்றால், "இப்பதான் தூங்குறா" என்பாள். குழந்தையைக் கையில் கொடுத்ததே இல்லை. ராங்கியம்மா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். தன் சட்டைக் கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொள்வாள்.

ராங்கிக்கு நாள் நெருங்கியது. டாக்டர் ஒரு பொம்மையை வாங்கிவந்து கொடுத்துப் பார்த்தார். ராங்கி அதை அணைத்துக்கொண்டாள், முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு பாட்டிலைத் தேடினாள். டாக்டரும் ராங்கியம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டாவது பிள்ளை ஒரு விடியற்காலையில் பிறந்தது. உள்ளங்கை அகலத்துக்கு முகம், அதில் கண்ணைச் சுற்றி வெளுப்பு, நட்டுக்கொண்டு நிற்கும் செம்பட்டை முடி. இந்தத் தடவை ராங்கி அதைக் கீழே கிடத்தவில்லை. தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள், தொப்பி மாதிரி. குட்டி அவள் முடியைப் பற்றிக்கொண்டு கத்தியது. மத்தியானத்துக்குள் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தாம்மா பார்க்க முடியும். அதுக்குள்ள அவ பால் கொடுக்கலைன்னா நாம எடுத்துடணும். எடுத்துட்டா திரும்பச் சேர்த்துக்குவான்னு சொல்ல முடியாது. போன தடவை எடுத்தும் பிழைக்கல. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அம்மா யாராவது வந்து அவளுக்கு எதிர்ல உக்காந்து கொடுத்துக் காட்டினா, ஒருவேளை அவ பார்த்துக் கத்துக்கலாம். வேற இடங்கள்ல அப்படி நடந்திருக்கு. யாராவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். ஆனால் எப்படிக் கேட்பது? வீட்டுக்குப் போனாள், குளித்தாள், சோப்புப் போட்டாள், தலைக்கும் போட்டாள். சமையலறையில் போய்க் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்தாள். தையற்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், ஒருதரம் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ராங்கிக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

ராங்கியம்மாவுக்கு வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது. அழுகைக்கு நடுவில் பாட்டில், பொம்மை, தலைமேல் குட்டி, டாக்டர் சொன்னது எல்லாம் முன்பின்னாக வந்தன. "நான் புட்டியைக் காட்டி வளர்த்தேன். அவ புட்டியைத் தேடுறா. கத்துக்கொடுக்க எனக்கு வக்கில்லையே!"

தையற்காரி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மட்டும் தெரிஞ்சா வந்துச்சு? எங்கம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க. ஆஸ்பத்திரியில இவ வீல் வீல்னு கத்துறா, எனக்கு எங்க பிடிக்கிறது, எப்படி வெக்கிறதுன்னு ஒண்ணும் புரியல. பெத்தவளுக்குத் தானா வரும்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு வரல. செத்துடலாம்னு இருந்துச்சு. ஒரு நர்சம்மா வந்து, திட்டித் திட்டி, தலையை இப்படிப் பிடி, வாயை இப்படி வைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க மட்டும் வரலைன்னா நானும் புட்டியைத்தான் தேடியிருப்பேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"நீயா? குழந்தையைத் தூக்கிக்கிட்டா? தம்பி என்ன சொல்லுவானோ?"

"உங்க தம்பிக்கா பால் சுரக்குது?"

மறுநாள் காலையில் ராங்கியின் பின்னறைக்கு வெளியே அவளை உட்காரவைத்தார்கள். சிமெண்டுத் தரை, ஓரத்தில் கழுவுநீர் ஓட ஒரு வாய்க்கால், உள்ளே தீயணைப்புக் குழாயை முடைந்து கட்டிய ஊஞ்சல், வைக்கோல். நடுவில் தடித்த கண்ணாடி. டாக்டர் தையற்காரிக்கு முகமூடி கொடுத்தார்.

"குரங்கு நோய் என் குழந்தைக்கு ஒட்டிக்குமா டாக்டர்?"

"கண்ணாடி இருக்கும்மா, பயப்படாதீங்க. நியாயமா பார்த்தா அதுதான் நம்மளைப் பார்த்துப் பயப்படணும். நம்ம சளி அதுக்கு அப்படியே ஒட்டிக்கும். சொந்தம்னா இதெல்லாமும் இருக்கத்தானே செய்யும்."

தையற்காரி கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து குழந்தையை மடியில் சாய்த்தாள். ராங்கி ஊஞ்சலின் மேலிருந்து பார்த்தாள். தலையில் குட்டி அசையாமல் ஒட்டிக்கிடந்தது. இந்தக் குழந்தை பசியில் சிணுங்கியதுமே ராங்கியின் தலை திரும்பியது. பால் குடிக்கும் சத்தம் கேட்டதும் மெதுவாக இறங்கினாள். கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். மூச்சுக்காற்று படிந்து கண்ணாடி மங்க, புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள், இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள்.

அவ்வளவுதான். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிட்டது. ராங்கி திரும்பிப் போய்ப் பாட்டிலைத் தேடினாள்.

"பசிக்கட்டும், மறுபடி கொடுக்கிறேன்" என்றாள் தையற்காரி. மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த நர்சம்மாவின் அதே அதட்டல் என்று பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள். "இங்க பாரு. என் மூஞ்சியை ஏன் பாக்குற, கையைப் பாரு. தலைக்கு அடியில கை. ம், எடு உன் பிள்ளையை. அடியே, தலைகீழா பிடிக்கிறியே!"

ராங்கி குட்டியைத் தலையிலிருந்து எடுத்திருந்தாள். கால் மேலே, தலை கீழே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். குட்டியைத் திருப்பினாள். மாரோடு வைத்தாள், வழுக்கிவிட்டது. மறுபடி வைத்தாள். சற்றுத் தள்ளி நின்ற ராங்கியம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் வந்தாலும் ராங்கி தன்னைப் பார்த்துத் திரும்பிவிடுவாள், புட்டி ஞாபகம் வந்துவிடும் என்று பயம்.

குட்டியின் வாய் தேடியது. முடியைச் சப்பியது, தோலைச் சப்பியது, கடைசியில் காம்பைப் பிடித்தது. ராங்கி சுரீரென்று பின்வாங்கினாள். பல்லைக் காட்டினாள், குட்டியைப் பிடித்து இழுக்கக் கை எடுத்தாள்.

தையற்காரி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலிச்சுது. உயிர் போற மாதிரி வலிச்சுது. விட்டுடாதே, கொஞ்சம் பொறுத்துக்கோ. பொறுத்துக்கோடி என் கண்ணு."

ராங்கிக்கு அந்த வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு குட்டியின் தலைக்கு அடியில் வந்து தாங்கிக்கொண்டது. குட்டி குடித்தது. அடுத்த அறையில் கேமரா முன்னால் இருந்த டாக்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். அன்று சாயங்காலத்துக்குள் குட்டி பல தடவை குடித்துவிட்டது. யாரும் அதை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று தையற்காரியும் குழந்தையோடு வந்திருந்தாள். ராங்கியம்மா பழத்தட்டை ஏந்திக்கொண்டு வலையண்டை போய், "என்னடி ராங்கி" என்று கூப்பிட்டாள்.

ராங்கி பார்த்தாள். வரவில்லை. குட்டியை இரண்டு கையாலும் இறுக்கி மாரோடு ஒடுக்கிக்கொண்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். ராங்கியம்மா வலைக்குள் விரலை நுழைத்தாள். ராங்கி தோளுக்கு மேலாக ஒருதரம் திரும்பிப் பார்த்து, தொண்டைக்குள் உறுமிவிட்டு இன்னும் தள்ளி உட்கார்ந்தாள். அவளிடம் இதுவரை ராங்கி உறுமியதே கிடையாது.

தையற்காரி கிட்டே வந்தாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கமேல கோவம் இல்ல. பிள்ளை கையில வந்துட்டா யாரைப் பார்த்தாலும் பயமாத்தான் இருக்கும். ரொம்ப வேண்டியவங்களைப் பார்த்தாலும். வேணும்னே பண்றது இல்ல அண்ணி, என்னன்னே தெரியாம அப்படி வந்துடுது." சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அவள் ராங்கியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

ராங்கியம்மா வலையிலிருந்து விரலை எடுத்தாள். தட்டைக் கீழே வைத்தாள். ராங்கிக்குப் பயமில்லாமல் வந்து எடுத்துக்கொள்ளத் தோன்றும் தூரம்வரை, ஓரோர் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். முகமெல்லாம் கண்ணீர். அதைத் துடைக்கவும் இல்லை.

"அதான் சரி. யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது" என்றாள். "என்கிட்டக்கூட."